வாயைத் திறங்க

“மாவு வச்சு அச்செடுக்காம, பேனாவாட்டம் ஒண்ண வாய்க்குள்ள சுத்துனா பல்லு பொருந்துமாய்யா?”

அறந்தாங்கி பல் ஆஸ்பத்திரி நாற்காலியில் வெள்ளைச்சாமி நெளிந்துகொண்டே இருந்தார். அவருடைய பொக்கை வாயில் ஸ்க்ரூக்களைப் பதித்து மாதக்கணக்காகிறது. இன்றைக்குத்தான் மேல்வரிசை முழுப்பல் வந்திருக்கிறது.

“அது ஸ்கேனருங்க ஐயா. அது எடுத்த படத்த கோயம்புத்தூர் லேபுக்கு அனுப்பினோம். அங்க கம்ப்யூட்டர்ல வரைஞ்சு பல்லு செஞ்சிருக்காங்க” என்றார் டாக்டர்.

“எவன் செஞ்சானோ! ஆளப் பாக்காம செஞ்ச பல்லு ஆட்டுக்குத்தான் பொருந்தும்.”

“நம்ம மக சுகுணா கூட இருந்தா பக்குவமா எடுத்துச் சொல்லியிருப்பா” என்று முணுமுணுத்தாள் மனைவி அழகி.

“அவ பேச்ச எடுக்காத! நம்மள மீறிக் கல்யாணம் கட்டிக்கிட்டவ கையால பச்சத்தண்ணி வாங்க மாட்டேன்.”

பல்லை மாட்டி முடுக்கிவிட்டு டாக்டர் கண்ணாடியை நீட்டினார். வெள்ளைச்சாமி எகிறினார்.

“பாத்தியா கோளாற! முன்பல்லுக்கு நடுவுல சந்து!”

அழகி கிட்டே வந்து பார்த்தாள். “நம்ம கல்யாணத்தன்னைக்கு இருந்த அதே சந்துங்க.”

அவர் டாக்டர் பக்கம் திரும்பினார். “நான் பொக்கையாத்தானே இங்கிட்டு வந்தேன்? ஒங்களுக்கு எப்படித் தெரியும்?”

“எங்களுக்குத் தெரியாதுங்க. லேபுல பல்லு வரையிற பொண்ணு ஒங்க பேரப் பாத்துட்டுப் போன் பண்ணுச்சு. ‘எங்கப்பாவுக்கு அந்தச் சந்து இருந்தாத்தான் மொகம்’னு அடம்புடிச்சுச்சு. வேணாம்னா கழட்டித் திருப்பி அனுப்பிடுறேன். வாயைத் திறங்க.”

வந்ததிலிருந்து ஓயாத வாயை வெள்ளைச்சாமி இறுக்க மூடிக்கொண்டார்.