வைரவல்லியின் வீட்டுக்காரர்

“எங்க வீட்டுக்காரர் செத்து எவ்வளவோ காலமாச்சு. அதுக்காக அவரைச் சுத்தி வர்றதை விட்டுட முடியுமா?” என்று சொல்லிவிட்டு அவள் கலகலவென்று சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியிலேயே உடைந்தது.

“கட்!” கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து டைரக்டர் கத்தினான். “அக்கா, வைரவல்லி ஒரு கிரகம். உடம்பு பூரா வைரம். செத்தும் துடிச்சுக்கிட்டே இருக்கிற ஒரு நட்சத்திரத்தைச் சுத்துற வாயாடி. கார்ட்டூன் பார்க்கிற பசங்க சிரிக்கணும். நீங்க அழ வைக்கிறீங்க!”

டப்பிங் அறைக்குள் அவள் தலையை ஆட்டினாள்.

போன பாகம் வரைக்கும் அந்த நட்சத்திரத்துக்குச் சத்தம் கொடுத்தது அவள் கணவன்தான். வசனமே கிடையாது. அவள் பக்கத்தில் நின்று, நெஞ்சில் முஷ்டியால் ‘தொம்… தொம்…’ என்று தட்டுவான். அந்தத் தாளத்தில்தான் வைரவல்லியின் வாய் ஓடும். மனுஷன் போனதிலிருந்து மைக் முன்னால் பாதி இடம் காலி.

“இன்னொரு டேக் பார்ப்போம். சரிப்படலேன்னா வேற ஆளைத்தான் கூப்பிடணும். தப்பா நினைக்காதீங்கக்கா.”

ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை இறுக மூடினாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு காதுக்குள் கேட்டது.

தொம்… தொம்…

அதே நிதானம், அதே கனம். சவுண்டு இன்ஜினியர் அண்ணன் அவர் தட்டிய பழைய பதிவைப் போட்டிருக்கிறார் போல.

“என் சதையெல்லாம் இந்த மனுஷன் தின்னுட்டாரு! மிச்சம் இந்த வைரம்தான், இதையாவது விட்டு வைங்கன்னா கண்ணடிக்கிறாரு!”

வாய் தானாக ஓடியது. கடைசியில் அவள் சிரித்த சிரிப்பில் டைரக்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

வெளியே வந்தபோது நெஞ்செலும்பு விண்விண்ணென்று வலித்தது. அழுகையை அடக்கிய வலி என்று நினைத்துக்கொண்டாள்.

“ரொம்ப நன்றிண்ணே,” என்றாள் சவுண்டு இன்ஜினியரிடம். “அவர் தட்டினதைப் போட்டீங்களே, அதான் என்னைக் காப்பாத்துச்சு.”

அவர் விழித்தார். “நான் ஒண்ணும் போடலையேம்மா.”

“எனக்குக் கேட்டுச்சேண்ணே! அவரேதான்… பக்கத்துல நின்னு தட்டினாரு.”

இன்ஜினியர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

“தட்டினது நீங்கதாம்மா.”