குப்பைத்தொட்டியில் போட்ட கேக்

"சீ, இந்த வீட்டுல மனுஷங்கதான் இருக்கீங்களா?"

நாள் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் கை விட்டும் முகம் சுளிக்காத பல் டாக்டர், சாயங்காலம் வீடு திரும்பியதும் சமையலறையில் குமட்டலோடு நின்றார்.

அரிசி, கோதுமை, சர்க்கரை எதையும் தொடாத டயட்டை அன்று காலைதான் நாலாவது தடவையாக ஆரம்பித்திருந்தார். வழக்கம்போல ரொட்டி, பிஸ்கட் எல்லாவற்றையும் தன் கையாலேயே குப்பைத்தொட்டியில் கொட்டினார். கடைசியாக, முந்தின நாள் வாங்கிய சாக்லேட் கேக்கைப் பெட்டியோடு போட்டுவிட்டுத்தான் கிளினிக்குக் கிளம்பினார்.

"என்னப்பா ஆச்சு?" என்றாள் மகள்.

"கேக் பெட்டி காலியா கிடக்கு. முட்டை ஓடு, மீன் செதில், டீத்தூள் சக்கை. அதுக்குள்ள கையை விட்டு எடுத்து யாரோ தின்னிருக்கீங்க. நினைச்சாலே வயித்தைப் புரட்டுது."

"நான் இல்லப்பா."

"அப்ப உங்கம்மா. நாக்கை அடக்கத் தெரியாதவங்களோட இருந்தா என் டயட் எப்படி உருப்படும்?"

மனைவி கீரை நறுக்குவதை நிறுத்தவில்லை.

"யாரும் தின்னல. நீங்க படியிறங்கின உடனே கேக்கை எடுத்துட்டு, வெறும் பெட்டியைத் திருப்பிப் போட்டேன்."

"எதுக்கு?"

"போன மூணு தடவையும் குப்பையிலேர்ந்துதானே எடுத்துத் தின்னீங்க? கடைசித் தடவை ரெண்டு நாள் வயித்தால வேற போச்சு. இந்தத் தடவையாவது சுத்தமா தின்னட்டும்னு மேல்தட்டுல மூடி வச்சிருக்கேன்."

டாக்டரின் கை தானாக மேல்தட்டுப் பக்கம் நீண்டது.

"முதல்ல கையைக் கழுவுங்க," என்றாள் மனைவி. "முழங்கை வரைக்கும் டீத்தூள் அப்பியிருக்கு."