அடி பிளந்த படகு

நடுக்கடலில் அடி பிளந்து, கணவனைப் பலிகொண்டு கரையொதுங்கிய ஃபைபர் படகைப் புதுப்பிக்க பெனிற்றா பட்டறைக்குக் கொண்டுவந்திருந்தாள். மேஸ்திரி அடிப்பக்கத்தை அறுத்ததும் கறுப்புத் தண்ணீர் கொட்டி, அழுகல் வாடை மூக்கைத் துளைத்தது. முன்பு ஒட்டுப்போட்ட இடத்தில் ஃபைபரே இல்லை. மேலே பெயின்ட், உள்ளே கூழாக நொதித்த சாக்குத்துணி, அதில் நெளியும் புழுக்கள்.

"எவன்மா இதை ஒட்டுனது?"

ஒட்டியவன் அவள் தம்பி ரீகன். புது ஃபைபர் போட்டதாக மாதாமேல் சத்தியம் செய்தவன். சாவு வீட்டில் எல்லாரையும்விடச் சத்தமாக அழுதவனும் அவன்தான்.

டீ வாங்கப் போயிருந்த ரீகன் திரும்பி வந்தான்.

"குடிக்கா, ஆறிடும்."

அவன் பெருவிரல் டீயில் நனைந்திருந்தது. டம்ளரை வாங்கி மணலில் கொட்டினாள். பிறகு படகின் ஓட்டையைக் காட்டினாள்.

"உன் கையாலயே அள்ளுடா."