நாற்பத்து மூன்றாம் இலக்கச் சாக்கு

பளீல் கடித்த நெல்லைத் துப்பினார். அது எங்கள் காலடியில் வந்து விழுந்தது. நாங்கள் எல்லோரும் மரியாதையாக ஓர் அடி பின்வாங்கினோம்.

"இது மில்காரன்ட வேலதான்," என்றார். "நம்மட சங்கத்தக் கெடுக்க இந்தக் கறுத்த நெல்ல ஆரோ கொண்டாந்து வச்சிரிக்கான்."

ஓம் என்று தலையாட்டினோம். சங்கம் தொடங்கிய நான்கு மாதத்தில் நாங்கள் நன்றாகப் பழகிக்கொண்ட வேலை அது ஒன்றுதான்.

இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர்க்காரர்களான நாங்கள் அதுவரை மில் வாசலில் தனித்தனியாகப் போய், மடித்துக் கட்டிய சாரனைக் கால்வரை இறக்கிவிட்டு நின்று, சொன்ன விலைக்கு நெல்லைக் கொட்டிவிட்டு வந்தவர்கள். எழுபத்தொன்பதாம் ஆண்டுப் பெரும்போக அறுவடையில்தான் எல்லோருடைய நெல்லையும் ஒன்றாக்கிக் கண்டியில் ஒரு வியாபாரிக்கு நேரே அனுப்புவதென்று முடிவானது. அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். ஒரு சாக்கில் கறுத்த நெல் இருந்தாலும் லொறி முழுவதும் திரும்பி வரும். திரும்பி வந்தால் மறுபடி அதே மில் வாசல்தான்.

அறுவடை நேரத்தில் மழை அடித்ததால் எல்லோர் வயலிலும் கொஞ்சம் கறுத்திருந்தது. நல்லது சங்கத்துக்கு, கறுத்தது வீட்டுக்கு என்று பேசி வைத்திருந்தோம்.

நெல்லைக் கடித்துப் பார்த்து எடுக்கும் பொறுப்பு செயலாளர் பளீலுக்கு. வேறு யாருக்குக் கொடுப்பது? சங்கத்தில் முதல் கையெழுத்து அவருடையது. பள்ளிவாசலில் தொழுகைக்கு நிற்பது முதல் வரிசை. இந்தப் போகத்து விளைச்சலில் ஏழைகளுக்கென்று கொடுக்க வேண்டிய சக்காத்து நெல்லை வண்டியில் ஏற்றி அவர்களின் வீடுகளுக்கு அனுப்பி முடித்ததிலும் ஊருக்கே முதல் ஆள். காணி இல்லாதவரும் ஒரு சாக்கு நெல் கொண்டுவந்தால் அங்கத்தவராகலாம் என்ற விதியும் அவர் போட்டதுதான். கூட்டத்தில் அதை அவர் சொன்னபோது எங்களில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்தோம்.

லொறியின் மிதிபலகையில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்த லொறிக்காரர் பாண்டிருப்புச் சீனித்தம்பிக்குப் பொறுமை போய்விட்டது. "நெல்ல ஏத்திறதா, இல்ல இஞ்சயே திண்டு முடிக்கிறதா?" என்று கேட்டார்.

தலைவர் முகைதீன்பாவா சாக்கில் தாரால் எழுதியிருந்த அங்கத்தவர் இலக்கத்தைப் பார்த்தார். நாற்பத்து மூன்று. பெயர்கள் எழுதிய கொப்பியைப் புரட்டியவர் அதைச் சட்டென்று மூடினார்.

"மச்சான், இத ஒரு பக்கத்தில வச்சிட்டு மத்தத ஏத்துவம்."

பளீல் விடவில்லை. பெயரை வாசிக்கச் சொன்னார்.

சல்மா உம்மா. நேற்றுத்தான் ஆள் அனுப்பிப் பெயர் பதிந்தவர். கூலிக்குத் தறி நெய்து இரண்டு குமர்ப்பிள்ளைகளைக் காப்பாற்றுகிற விதவை. சங்கத்துக்கு முதல் தடவை வருவதால் பெருநாள் புடவை உடுத்து வந்து, மதிலோரமாக நின்றிருந்தார். பெயர் கேட்டதும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் வந்தார்.

பளீல் ஒரு பிடி நெல்லை அள்ளி நீட்டினார். "ராத்தா, இது என்ன?"

"நெல்லு தம்பி."

நாங்கள் சிரித்தோம். அது அவர் பகிடிக்குச் சொன்னதல்ல என்பது எங்களுக்குத் தெரியும். ஆனாலும் சிரித்தோம்.

"ஆட்டுக்கு வச்சாலும் மூஞ்சத் திருப்பிக்கொண்டு போகும்," என்றார் பளீல்.

மூன்று நாள் வெயிலில் காயவைத்ததாகவும், இரண்டு தரம் புடைத்ததாகவும், கறுத்ததையெல்லாம் பிள்ளைகள் இருந்து பொறுக்கியதாகவும் சல்மா உம்மா சொன்னார். பிழையென்றால் பெயரை வெட்டிவிடுங்கள், நான் எடுத்துக்கொண்டு போகிறேன் என்றார். சொல்லிவிட்டுச் சாக்கின் காதைப் பிடித்து இழுக்கவும் தொடங்கினார். அது அசையவில்லை. நாங்களும் அசையவில்லை.

பளீலுக்கு அது போதவில்லை. ராத்தாவிடம் தனக்குக் கோபமில்லை, ஒரு விதவையின் கையில் இதைக் கொடுத்து அனுப்பியவனைத்தான் பிடிக்க வேண்டும் என்று எங்களுக்கு விளக்கினார். பிறகு வெள்ளிக்கிழமை மிம்பரில் ஏறிக் குத்பா பிரசங்கம் செய்கிறவர் போலக் குரலை உயர்த்தினார்.

"ஒரு மனிசன் இன்னொரு மனிசனுக்குக் குடுக்கிற நெல்லா இது? இதக் குடுத்தவனுக்கு அல்லாஹ்ட பயம் இரிக்கா?"

இல்லை என்று தலையாட்டினோம். சிலர் வாய்விட்டும் சொன்னோம்.

சல்மா உம்மா நிலத்தைப் பார்த்தார். "இதில வேணாம் தம்பி. பின்னேரம் ஒங்கட வீட்ட வந்து சொல்றன்."

"வீட்ட என்னத்துக்கு? இஞ்ச சொல்லுங்க. நாப்பத்திரண்டு பேருக்கும் கேக்கச் சொல்லுங்க. ஆருட நெல்லு இது?"

சீனித்தம்பி பீடியைக் காலில் போட்டு மிதித்தார். முகைதீன்பாவா மூடிய கொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். சல்மா உம்மா முக்காட்டு நுனியால் வாயைப் பொத்தினார், வெட்கப்பட வேண்டியவர் தான்தான் என்பது போல.

"நீங்க தந்த சக்காத்து தம்பி."