ஐந்தின் மேல் ஒரு புள்ளி

"தடவிப் பாருங்க அண்ணாச்சி. அஞ்சு மேல சின்னதா ஒரு புள்ளி துருத்திக்கிட்டு இருக்கும்."

அவர் தடவினார்.

"இருக்கா?"

"ம். இருக்கு, இருக்கு."

பக்கத்தில் நின்ற அவள் பார்த்தாள். கணவரின் கட்டைவிரல் ஆறின் மேல் இருந்தது.

கண்ணாடி மேஜையில் இரண்டு போன்கள். இரண்டும் வியாபாரிகளுக்கென்றே புதிதாக வந்தவை என்றார் கடைக்காரர். ஒன்றில், மாதுளை முத்துகளை நெருக்கி அடுக்கியதுபோல் எழுத்துகளும் எண்களும். மற்றதில் ஒன்றுமே இல்லை. வழவழவென்று வெறும் கண்ணாடி.

"மெட்ராஸ் பார்ட்டி மெயில் போட்டா இதுல சிவப்பு லைட் மின்னும். ஆபீசுக்கு ஓட வேண்டாம். அந்தப் புள்ளி இருக்கு பாருங்க, அதைப் பிடிச்சுக்கிட்டா விரல் தானா ஓடும். பாக்காமலே பதில் அடிக்கலாம்."

"கீ எல்லாம் தட்டையா இருக்கேய்யா. நல்லா எந்திரிச்சு நிக்க வேண்டாமா?"

"இதைவிட எந்திரிச்சு நிக்கிற கீயைக் கம்பெனிக்காரனே இன்னும் கண்டுபிடிக்கலை அண்ணாச்சி."

கடைக்காரர் சிரித்தார். அவரும் சேர்ந்து சிரித்தார்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

சிவகாசியில் காகிதம் விற்கிறவருக்கு விரல்தான் தராசு. மில் லாரி வந்து நின்றதும் கட்டிலிருந்து ஒரு தாளை உருவுவார். கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து ஒரே ஒரு தேய்ப்பு.

"இது எழுபது கிராம் தாள் இல்லய்யா, அறுபது. திருப்பிக் கொண்டு போ."

அவ்வளவுதான். மில்லுக்காரன் எதிர்த்துப் பேசியதில்லை.

போன மாதம் ஒரு லோடு முழுக்க அறுபதை எழுபது என்று இறக்கி வைத்துக்கொண்டார். காலண்டர் அடிக்கிறவர்கள் வாசலில் வந்து நின்று கத்தினார்கள்.

"மில்லுக்காரன் ஏமாத்திட்டான்," என்றார்.

அவளும் நம்பினாள். அந்த மில்லுக்காரனை வாயாரத் திட்டித் தீர்த்தாள்.

இன்று காலையில் கற்பூரத்தைத் தொட்டுக் கும்பிட்டார். காப்பி கொடுக்கும்போது பார்த்தால் விரலில் கொப்புளம்.

"என்னங்க இது?"

"எங்கேயாவது பட்டிருக்கும். விடு."

எங்கேயாவது.

சுகர் பார்க்கக் கூப்பிட்டால் ஆடிப்பெருக்கு முடியட்டும் என்பார். புது வருஷக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளிவரட்டும் என்பார். ஆடியும் வந்தது, போனது.

மாமனாரும் இப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருநாள் செருப்பைத் துளைத்த ஆணியோடு கடையிலிருந்து வீடு வரைக்கும் நடந்து வந்தார். "என்ன மாமா, ரத்தம்?" என்று அவள் கேட்ட பிறகுதான் குனிந்து பார்த்தார். முதலில் கால்விரலை வெட்டி எடுத்தார்கள்.

அப்புறம் காலை.

"சரி, இதைப் பாருங்க." கடைக்காரர் கண்ணாடிப் போனை நகர்த்தி வைத்தார். "இதுல எதையும் தேட வேண்டாம். லேசா தொட்டாப் போதும்."

அவர் தொட்டார்.

கண்ணாடி விழித்துக்கொண்டது. அவர் முகமும்.

"இதுதான், சொர்ணம்! தடவுறது கிடவுறது ஒண்ணும் இல்லை பாத்தியா? கண்ணால பாத்தாப் போதும்."

அவள் அவருடைய விரலில் இருந்த கொப்புளத்தைப் பார்த்தாள்.

கையே இப்படி என்றால்?

மெல்லக் குனிந்து அவர் கால்களைப் பார்த்தாள்.

வலது காலில் செருப்பு இருந்தது.

இடது காலில் இல்லை.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே, படிக்குக் கீழே, வெயிலில் மல்லாந்து கிடந்தது.

அவள் போய் எடுத்தாள். கை பொறுக்காத சூடு. கொண்டுவந்து அவர் காலருகே போட்டாள்.

"நான்தான் கழட்டிப் போட்டுட்டு வந்தேன்," என்றார்.

கடைக்காரர் போனைப் பெட்டியில் வைத்துக்கொண்டே சொன்னார்: "நம்ம கடைக்குள்ள செருப்போடயே வரலாம் அண்ணாச்சி. கோயிலா என்ன?"

"பழக்கம்யா."

அவள் அவருடைய வலது காலைப் பார்த்தாள்.

அவரும் பார்த்தார்.

அதன் பிறகு அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

வெளியே வந்தார்கள். சாலையில் லாரியும் பஸ்ஸும் விடாமல் போய்க்கொண்டிருந்தன. பெட்டியை இடுக்கிக்கொண்டு, கடப்பதற்காக அவள் கையைப் பிடித்தார். கல்யாணமான நாளிலிருந்து தெருவில் அவள் கையைப் பிடித்தவரில்லை.

இறுக்கிப் பிடித்தார். வளையல் அழுந்தி மணிக்கட்டு நொந்தது. அவள் இழுத்துக்கொள்ளவில்லை. அவளும் விரல்களை மடக்கி அழுத்திப் பிடித்தாள்.

ஒரு பஸ் போனது.

"பிடிச்சிருக்கியா சொர்ணம்?"

"பிடிச்சிருக்கேங்க."

அவர் குனிந்து, தன் கைக்குள் அவள் கை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.