சிரிக்காத கூட்டம்

இலங்கை மலையகத்தில், கலஹா தேயிலைத் தோட்டமொன்றின் 1931 கோயில் திருவிழாவில், பபூன் சங்கிலி வெள்ளைக்காரத் துரையைப் போலக் கொச்சைத் தமிழில் ஒரு மணி நேரம் கத்தினான். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. கூட்டம் சத்தமில்லாமல், தொழிலாளர் குடியிருக்கும் லயங்களை நோக்கிக் கலைந்தது.

"இதோட இந்தத் தொழில விட்டுர்றேங்க ஐயா," என்றான் சங்கிலி, மலைப்பாதையில் இறங்கும்போது.

உடன் வந்தவர், அதே மேடையில் சொற்பொழிவாற்றிய யாழ்ப்பாணத்துப் பத்திரிகையாசிரியர் அருளம்பலம். "பேச்சுரிமையைப் பற்றி நானும் ரெண்டு மணித்தியாலம் பேசினனான். ஆர் கை தட்டினது?"

"உங்களுக்கு அது பழக்கம். எனக்குப் புதுசுங்க."

மூடுபனி இறங்கி, பக்கத்திலிருந்தவரின் முகமே மறைந்தது. அப்போது தேயிலைச் சரிவில் ஒரு பெண் சிரித்தாள். கீழே இன்னொருவர். பிறகு நாலாபக்கமும் சிரிப்பு. ஆள்தான் எவரும் தெரியவில்லை.

"பேய்ங்க ஐயா!" சங்கிலி அவர் கையைப் பற்றினான்.

முதுகுக்குப் பின்னாலேயே ஒரு சிரிப்பு வெடித்தது. திரும்பினால், மூக்கு இடிக்கும் நெருக்கத்தில், தொழிலாளரை மேற்பார்க்கும் பெரியகங்காணி கண்களைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"சிரிக்கிறவங்கள தோட்டத்த விட்டே வெரட்டணும்னு துரை உத்தரவு. காலையில வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்துல நான்தான் எல்லார்கிட்டயும் சொன்னேன். இப்ப யாரு சிரிச்சான்னு யாருக்குத் தெரியும்? தம்பி, பனி விலகறதுக்குள்ள இன்னொருக்கா துரை மாதிரி கத்து!"