பச்சை ஹேர்பேண்ட்

"கழட்டுடி அதை!"

பின்னாலிருந்து வந்த கை தலையைப் பிடித்து இழுத்த வேகத்தில், கண்ணாடி முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவள் மல்லாந்து விழுந்தாள். அவள் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த பச்சை ஹேர்பேண்ட், ஒரு கொத்து முடியோடு அவன் கைக்குப் போய்விட்டது.

குனிந்து முகத்தைப் பார்த்தவன் திகைத்தான். "நீ யாருடி?"

நல்ல கேள்விதான். கீழே தள்ளுவதற்கு முன்னால் கேட்டிருக்கலாம். அவள் டவுன் பஸ் டிரைவர். தங்கச்சி கல்யாணத்தில் போட்டோவுக்கு நிற்க, அந்தக் காலத்துச் சினிமாக்காரிகள் மாதிரி நெற்றி மறைய அகலமாக, நடுவில் முடிச்சு வைத்த ஹேர்பேண்ட் வாங்க வந்தவள்.

"பழைய துணிதாம்மா இது. ஆனா நல்ல துணி, தூக்கிப்போட மனசு வரல" என்று சற்றுமுன்தான் கடைக்காரம்மா அதை அவள் தலையில் மாட்டி, காதோரம் ஊசி குத்திக் கொடுத்திருந்தாள். துணியை வீணாக்காத அந்தத் தொழில்புத்திதான் இப்போது வினையாக வந்து நின்றது.

"இது எம் பொண்டாட்டி சால்வை!" அவன் ஹேர்பேண்டைக் கடைக்காரம்மாவின் மூக்குக்கு நேரே ஆட்டினான். "தெருவுல வரும்போதே தெரிஞ்சுது. அவ இங்க வரவே இல்லன்னு போன வாரம் சத்தியம் பண்ணினியே கெழவி?"

"இங்க யாரும் இல்ல. வெளிய போ."

பளாரென்று அறை விழுந்தது. கடைக்காரம்மாவின் மூக்குக்கண்ணாடி பறந்துபோய் விழுந்தது. அவள் சாய்ந்த வேகத்தில் மேஜையிலிருந்த குண்டூசி டப்பாவும் எலாஸ்டிக் சுருளும் தரையெல்லாம் சிதறின.

"யோவ், வயசான பொம்பளைய அடிக்கிறியே, நீயெல்லாம் மனுசனா?" டிரைவர் எழப்பார்த்தாள். வயிற்றில் ஓர் உதை விட்டான். அவள் சுருண்டுகொண்டாள்.

"எம் பொண்டாட்டிய நான் கூட்டிட்டுப் போறேன். எவன் வந்து கேக்குறான்னு பாக்குறேன்."

அலமாரியில் ஹேர்பேண்ட் மாட்டி வளைவு பார்க்கிற மரத்தலைகள் வரிசையாக இருந்தன. ஒரே வீச்சில் அத்தனையையும் தள்ளிவிட்டான். அவை உருண்டு ஓடின.

பிறகு பின்னறைக் கதவுக்குப் போனான். கை கழுவலாம் என்று டிரைவர் வந்தவுடனே தள்ளிப் பார்த்த கதவு அது. அப்போது அவள் தோளைக் கொடுத்தும் அது அசையவில்லை. அவன் கைப்பிடியை மேலே தூக்கி, கீழ்மூலையில் காலால் ஓர் இடி கொடுத்தான். கதவு திறந்துகொண்டது.

கடைக்காரம்மா பாய்ந்துபோய் வாசற்காலை மறித்து நின்றாள். அவன் மேஜையிலிருந்த பெரிய கத்தரிக்கோலை எடுத்தான்.

"நகரு."

"முதல்ல என்னைக் குத்து. அப்புறம் உள்ள போ."

கத்தரியின் பிடியால் அவள் வாயிலேயே குத்தினான். உதடு கிழிந்து ரத்தம் ரவிக்கையில் வழிந்தது. அப்போதும் அவள் கையை எடுக்கவில்லை. யார் பெற்ற பெண்ணுக்காகவோ இந்தம்மா இப்படி அடிவாங்குகிறாளே என்று டிரைவருக்கு நெஞ்சு கொதித்தது.

மறுபடியும் குத்தினான். கடைக்காரம்மா சரிந்தாள். அவளைத் தாண்டி உள்ளே போனவன், தையல் மெஷினுக்கு அடியில் ஒடுங்கியிருந்த மனைவியை முடியைப் பிடித்துத் தரதரவென்று இழுத்து வந்தான். அவள் கட்டியிருந்த அகலமான ஹேர்பேண்ட் நழுவியது. அடியில், நெற்றியின் குறுக்கே, தையல் பிரிக்காத காயம்.

"போன தடவ நெத்தியோட விட்டேன்" என்று கத்தரியை ஓங்கினான்.

டிரைவர் எப்படி எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது. காலடியில் கிடந்த ஒரு மரத்தலையை எடுத்து, நாளெல்லாம் ஸ்டியரிங் திருப்புகிற கையால் அவன் பின்மண்டையில் இறக்கினாள். மரத்தலையும் மனிதத்தலையும் மோதினால் எது உடையும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அவன் அடியற்ற மரமாகச் சாய்ந்தான். மூச்சு மட்டும் இருந்தது. ரத்தம் தரையில் பரவியது.

கடைக்காரம்மா தவழ்ந்து வந்தாள். லைனிங் துணியை நீளவாக்கில் கிழித்தாள். அவன் தலையைத் தூக்கி, காயத்தின் மேல் இறுக்கிச் சுற்றத் தொடங்கினாள்.

"இந்த நாய்க்கா கட்டுப்போடுறீங்க? கெடக்கட்டும் விடுங்கம்மா!" என்று கத்திக்கொண்டே டிரைவர் போலீசுக்கும் ஆம்புலன்சுக்கும் போன் செய்தாள்.

"போலீசெல்லாம் வேணாங்க" என்று மனைவி நடுங்கினாள். "இதுக்கு முன்னாலயும் புகார் குடுத்தேன். பாத்தவங்க ஒருத்தர்கூட சாட்சிக்கு வரல. ரெண்டே நாள்ல வெளிய வந்துட்டான். இந்தத் தடவ வந்தா என்னைக் கொன்னுடுவான்."

"நான் வரேன். வேலை போனாலும் சரி, எந்தக் கோர்ட்டுல வேணும்னாலும் ஏறிச் சொல்றேன்" என்றாள் டிரைவர்.

கடைக்காரம்மா கடைசி முடிச்சைப் போட்டாள். அவன் தலையை மெதுவாகத் தரையில் வைத்தாள். வாயிலிருந்த ரத்தத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, டிரைவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்க அலைய வேணாம்மா. இவனப் பெத்தவ நானே வந்து சொல்றேன்."